அளந்து வார்க்கும் இணையம்
கட்டணம் ஏறினால் வாடிக்கையாளர் விலகுவரா? உடுவிலிலிருந்து ஒரு நோக்கு

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் வாக்கு. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலே அம்முதுமொழியின் பொருளை நமக்குக் கற்பித்தது கிணறே ஆகும். உடுவிலின் செம்பாட்டு நிலத்தில் தோட்டஞ் செய்தோர் கிணற்றையும் பங்கு வைத்தனர். காணி உறுதியில் கிணற்றுப் பங்கும், வழி வாய்க்கால் உரிமையும் எழுதி வைத்தனர். இன்னார்க்கு இன்ன நாள் முறை என்ற ஒழுங்கு இருந்தது. முறை தவறினால் வழக்கும் வந்தது.

அந்தப் பழைய முறை இன்று வேறொரு வடிவில் நம் வீட்டுக்குள் புகுந்திருக்கின்றது. முன்பு தண்ணீருக்கு முறை. இப்பொழுது இணையத்துக்கு முறை. அண்மையில் மருதனார்மடத்திலிருந்து மானிப்பாய் செல்லும் வீதியை அண்டிய ஓர் ஒழுங்கையில் நமக்கு நெருங்கிய வீடொன்றுக்குச் சென்றிருந்தோம். மாதத்தின் இருபதாம் நாள் அது. உயர்தர வகுப்பில் பயிலும் மகள் கணிதப் பாடக் காணொளி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் நடுவிலே நின்றது, சுழன்றது, மறுபடியும் நின்றது. மாதத்துக்குரிய டேட்டா முடிந்துவிட்டது என்ற செய்தி தாயின் கைத்தொலைபேசிக்கு வந்தது. தம்பி பந்தாட்டம் பார்த்ததனால் முடிந்தது என்று அக்காவும், அக்கா வகுப்புப் பார்த்ததனால் முடிந்தது என்று தம்பியும் வழக்காடினர். திண்ணையில் இருந்த அப்பாச்சி நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, “முந்தித் தண்ணிக்கு முறை வைச்சம், இப்ப பிள்ளையளின்ர படிப்புக்கும் முறையே, தம்பி?” என்று கேட்டார்.

அவர் கேட்ட கேள்விக்கு உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. கட்டணம் கூடக்கூட, அளவு குறையக்குறைய, வாடிக்கையாளர் அந்தக் கம்பனியை விட்டு விலகமாட்டார்களா? விலகுவர் என்றால் கம்பனிகள் ஏன் அஞ்சவில்லை? விலகார் என்றால் அதற்குக் காரணம் யாது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விலை ஏறிய விதம்

தொலைத்தொடர்பின் அருமையை நம் குடாநாட்டாருக்கு எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. 1824ஆம் ஆண்டிலே உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலையை நிறுவிய அமெரிக்க மிஷனரிமார், தங்கள் தாய்நாட்டுக்கு ஒரு கடிதம் எழுதி மறுமொழி பெறுவதற்கு மாதக்கணக்காகக் காத்திருந்தனர். அஃது அந்தக் காலம். ஆனால் 1990களில் நாமே மின்சாரமும் தொலைபேசியும் இன்றி, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னர் சந்திக்குச் சந்தி ‘கொமினிக்கேசன்’ கடைகள் தோன்றின. கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் இருக்கும் பிள்ளைகளோடு பேசும் தாய்மார், நிமிடக் கணக்கைக் காட்டும் கருவியில் ஒரு கண்ணும், அழுகையில் ஒரு கண்ணுமாக நின்றதை நாம் கண்டிருக்கின்றோம். கணக்கு ஓடுகின்றபோது மனம் விட்டுப் பேச முடியாது என்பதை அன்றே அறிந்துகொண்டோம்.

பின்னர் இணையம் வந்தது. இலங்கையில் வணிக முறையிலான இணையச் சேவை 1995ஆம் ஆண்டிலும், மூன்றாம் தலைமுறைக் கைத்தொலைபேசிச் சேவை 2006ஆம் ஆண்டிலும் தொடங்கின. சில ஆண்டுகளில் விலை மிக மலிந்தது; தென்னாசியாவிலேயே மலிவான நாடுகளுள் ஒன்று என்று நாம் பெருமை பேசிய காலமும் உண்டு.

அந்தப் பெருமையை 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடி அசைத்துவிட்டது. ஆண்டின் தொடக்கத்தில் டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த நாணய மாற்று, சில மாதங்களில் 360 ரூபாவை எட்டியது. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளில் 13 மணிநேரம் மின்சாரம் தடைப்பட்டது. ஓகஸ்ட் மாதத்தில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் கூடியது. அதன்பின் செப்டெம்பர் 5ஆம் திகதி முதல், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியுடன் தொலைபேசிக் கட்டணமும் இணையக் கட்டணமும் 20 சதவீதத்தால் உயர்ந்தன.

இதனோடு வரியும் சேர்ந்தது. பெறுமதி சேர் வரி 2022 ஜூன் மாதத்தில் 8 இலிருந்து 12 சதவீதமாகவும், செப்டெம்பரில் 15 சதவீதமாகவும், 2024 ஜனவரியில் 18 சதவீதமாகவும் ஏறியது. தொலைத்தொடர்பு அறவீடு 11.25 இலிருந்து 15 சதவீதமாயிற்று. மாணவர்கள் இதை ஒரு கணக்காகவே செய்து பார்க்கலாம். ஏனைய வரிகளை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, பெறுமதி சேர் வரியை மட்டும் எடுத்துக்கொள்வோம். 1000 ரூபாப் பொதிக்கு 8 சதவீத வரியுடன் முன்னர் செலுத்தியது 1080 ரூபா. அதே பொதி 1200 ரூபாவாகி, 18 சதவீத வரியும் சேர்ந்தால் 1416 ரூபா. கட்டணம் 20 சதவீதமே கூடியது என்று சொல்லப்பட்டாலும், குடும்பத்தின் பணப்பையிலிருந்து போவது 31 சதவீதம் கூடுதலாகும்.

கம்பனிகளின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு என்பதை நாம் மறைத்தல் ஆகாது. கோபுரத்துக்கு வேண்டிய கருவியும், ஒளியிழையும், கடலடி வடத்தின் வாடகையும் பெரும்பாலும் டொலரிலேயே செலுத்தப்படுகின்றன. மின்சாரம் நின்ற வேளைகளில் கோபுரங்களை இயக்கியது விலை ஏறிய டீசலே. ரூபாவில் வாங்கி டொலரில் கொடுக்கும் வணிகம் எதுவும் அவ்வாண்டில் தத்தளிக்காமல் இருந்ததில்லை.

அளவு வைப்பது ஏன்?

விலை ஏற்றத்தை ஒருவாறு விளங்கிக்கொள்ளலாம். ஆனால் அளவு வைப்பது ஏன்? இணையம் என்பது நெல்லோ எண்ணெயோ அன்று. ஒருவர் எடுத்ததனால் அது குறைந்துபோவதில்லை. கம்பி ஒருமுறை இழுத்தபின், அதன் வழியே ஒரு ஜிபி போனாலும் நூறு ஜிபி போனாலும் கம்பனிக்கு ஆகும் மேற்செலவு சொற்பமே.

ஆனாலும் ஒரு தடை உண்டு. அதையும் நம் கிணறு விளக்கும். ஏழு வீட்டார் பங்குடைய கிணற்றில், எல்லாரும் காலை ஆறு மணிக்கே நீர் இறைக்க வந்தால் ஊற்று ஈடுகொடாது. நள்ளிரவில் ஒருவன் இறைத்தால் எவருக்கும் நட்டமில்லை. இணையத்தின் நெரிசல் வேளை மாலை ஏழு மணி முதல் பதினொரு மணி வரையாகும். அந்நேரத்துக்குப் போதுமான கொள்ளளவைக் கட்டுவதற்கே பெரும் பணம் வேண்டும். ஆதலால்தான் நம் நாட்டுப் பொதிகள் பலவற்றில் எந்நேரத்துக்குமான டேட்டா ஒரு பங்கும், நள்ளிரவுக்குப் பின்னரான டேட்டா வேறொரு பங்குமாகப் பிரித்துத் தரப்படுகின்றன.

வலையமைப்பின் கண்கொண்டு பார்த்தால் இது முறையே. ஒரு தாயின் கண்கொண்டு பார்த்தால் இது கொடுமை. ரியூசன் முடிந்து வீடு திரும்பும் பிள்ளை மாலையிலே படிக்கவேண்டும், நள்ளிரவிலே உறங்கவேண்டும். உறக்கத்தை விற்று டேட்டாவை வாங்கும் நிலைக்குப் பிள்ளைகளைத் தள்ளலாமா?

தேவையின் அளவையும் பார்ப்போம். சாதாரணத் தெளிவுள்ள காணொளி ஒரு மணிநேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபியையும், உயர்தெளிவுக் காணொளி 3 ஜிபி வரையும் எடுக்கும். ஒரு பிள்ளை நாளொன்றுக்கு ஒன்றரை மணிநேரம் சாதாரணத் தெளிவில் பாடம் பார்த்தால், முப்பது நாளில் 45 ஜிபி ஆகும். வீட்டில் இரு பிள்ளைகள் இருந்தால் 90 ஜிபி. தந்தையின் செய்தியும், தாயின் வெளிநாட்டு அழைப்பும், அப்பாச்சியின் கோயில் திருவிழா ஒளிபரப்பும் இன்னும் கணக்கில் சேரவில்லை.

இந்தியாவில் நடந்தது என்ன?

இனித் தலையாய கேள்விக்கு வருவோம். கட்டணம் உயர்ந்தால் மக்கள் விலகுவரா? இதற்கு அண்மைக்காலத்தில் மிகத் தெளிவான விடை பாக்குநீரிணைக்கு அப்பால் கிடைத்தது.

2016 செப்டெம்பரில் ஜியோ நிறுவனம் இந்தியாவில் இலவச டேட்டாவுடன் களத்தில் இறங்கியபோது விலைகள் சரிந்தன. ஆறு மாதத்துக்குள் பத்துக் கோடி பேர் அதில் சேர்ந்தனர். பல போட்டியாளர் மூடினர். சிலர் ஒன்றோடொன்று இணைந்தனர். களம் ஒடுங்கியபின், 2024 ஜூலை முதல் வாரத்தில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒருங்கே கட்டணத்தைப் 10 முதல் 25 சதவீதம் வரை உயர்த்தின. அரசாங்கத்தின் பி.எஸ்.என்.எல். மட்டும் உயர்த்தவில்லை.

அந்த ஒரே மாதத்தில் ஏர்டெல் ஏறத்தாழ 17 இலட்சம் இணைப்புகளையும், வோடபோன் ஐடியா 14 இலட்சத்தையும், ஜியோ ஏழரை இலட்சத்தையும் இழந்தன. பி.எஸ்.என்.எல். 29 இலட்சம் புதிய இணைப்புகளைப் பெற்றது. ஆகவே, மக்கள் விலகுவர் என்பது மெய்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஜூலை முதல் செப்டெம்பர் வரையான மூன்று மாதங்களில் ஜியோவை விட்டு ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் போயினர். பெருந்தொகைதான், எனினும் அதன் மொத்த வாடிக்கையாளரில் அது நூற்றுக்கு இரண்டே. எஞ்சியோர் ஒவ்வொருவரிடமிருந்தும் கிடைத்த சராசரி மாத வருமானமோ 181 ரூபா 70 காசிலிருந்து 195 ரூபா 10 காசாக உயர்ந்தது. அதாவது நூற்றுக்கு ஏழு கூடியது. இரண்டை இழந்து ஏழைப் பெற்ற வணிகன் வருந்துவானா? பி.எஸ்.என்.எல்.லுக்குச் சென்றோரிலும் பலர் நிலைக்கவில்லை. அவ்வாண்டு முடிவதற்குள் அதன் வளர்ச்சி நின்று, எண்ணிக்கை மீண்டும் குறையத் தொடங்கியது. மலிவான இடத்தில் வேகமும் வீச்செல்லையும் போதாமையே அதற்குக் காரணம்.

இதிலிருந்து நாம் அறிவது இது: மக்கள் கோபத்தினால் மட்டும் விலகுவதில்லை, போவதற்கு ஓர் இடம் இருந்தால்தான் விலகுவர், போன இடம் நன்றாயிருந்தால்தான் அங்கே தங்குவர்.

அளவை எதிர்த்தவர்கள்

விலையை விட அளவே மக்களின் மனத்தை அதிகம் புண்படுத்துகின்றது என்பதற்கும் சான்றுகள் உண்டு. 1996 டிசெம்பரில் அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம் மணிக்கணக்குக் கட்டணத்தைக் கைவிட்டு, மாதம் 19.95 டொலருக்கு எவ்வளவும் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. மக்கள் திரண்டு வந்தனர். இணைப்புக் கிடையாமல் வாரக்கணக்காகத் தொலைபேசிகள் ‘வேலையாக உள்ளது’ என்ற ஓசையையே எழுப்பின. வாடகை வண்டியில் மீற்றர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு எவரும் வெளிக்காட்சியை இரசிப்பதில்லை. அதுபோன்றதே இந்த மனநிலையும்.

நம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவிலே 2011ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. பெரிய கம்பனிகளின் கம்பியை வாடகைக்குப் பெற்றுச் சேவை வழங்கிய சிறு நிறுவனங்களும் பயன்பாட்டை அளந்தே விற்கவேண்டிய நிலையை அந்நாட்டு ஒழுங்குபடுத்தும் ஆணையம் ஏற்படுத்தியது. ஒன்ராறியோவில் 200 ஜிபி பெற்றுவந்த வீடுகள் 25 ஜிபிக்குச் சுருங்கும் என்ற செய்தி பரவியதும், ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் எதிர்ப்பு மனுவில் ஒப்பமிட்டனர். அரசாங்கமே தலையிடும் என்று எச்சரித்தது. அவ்வாண்டு நவம்பரில் ஆணையம் தன் முடிவை மாற்றி, எடுத்த மொத்த அளவுக்கன்றி நெரிசல் வேளைக்கு வேண்டிய கொள்ளளவுக்கே சிறு நிறுவனங்கள் பணம் செலுத்தலாம் என்ற வேறொரு வழியையும் வகுத்தது. கிணற்றின் கதைதான், எவ்வளவு இறைத்தாய் என்பதை விட, எந்நேரத்தில் இறைத்தாய் என்பதே கேள்வியாயிற்று.

அமெரிக்காவின் கொம்காஸ்ட் நிறுவனம் 2008இல் மாதம் 250 ஜிபி என்று எல்லை வைத்தது. பின்னர் அதைச் சிறிது சிறிதாகத் தளர்த்தியது. போட்டியில்லாத ஊர்களிலே மக்கள் முணுமுணுத்தபடி இருந்தனர். ஒளியிழையும் கம்பியில்லா வீட்டு இணையமும் அவ்வூர்களுக்கு வந்ததும் நிலை மாறியது. 2025இன் முதல் மூன்று மாதங்களில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் இணைய வாடிக்கையாளரை அது இழந்தது. ஜூன் மாதத்தில் எல்லையற்ற புதிய பொதிகளை அறிவித்தது. பதினேழு ஆண்டுகளாக முணுமுணுப்பு ஆற்றாததைப் போட்டி ஆற்றியது.

உடுவிலில் விலகுவது எங்கே?

அல்பேர்ட் ஹிர்ஷ்மன் என்னும் பொருளியலறிஞர் 1970ஆம் ஆண்டில் எழுதிய நூலொன்றில், குறைகாணும் வாடிக்கையாளர் முன் மூன்று வழிகள் உள என்றார்: விலகிப்போதல், குரல் கொடுத்தல், பற்றுடன் இருத்தல். அம்மூன்றையும் நம் ஊரில் வைத்துப் பார்ப்போம்.

விலகிப்போதல் எளிதன்று. 2018இல் எடிசலாட்டை ஹட்ச் வாங்கியது. 2024இல் எயார்டெல் லங்கா டயலொக்கோடு இணைந்தது. ஐந்தாயிருந்த கைத்தொலைபேசி நிறுவனங்கள் இன்று மூன்று. வீட்டு இணைப்பை மாற்ற விரும்பினால் புதிய இணைப்புக் கட்டணம், புதிய கருவி, ஒப்பந்தக் காலம் ஆகியன குறுக்கே நிற்கின்றன. ஒழுங்கையில் ஒளியிழை இருந்தால் ஒரு கதை. கோபுரத்தையே நம்பியிருந்தால் வேறு கதை. 2025 ஜூலையில் ஸ்ரார்லிங்க் செய்மதிச் சேவையும் இலங்கைக்கு வந்தது. ஆனால் தோட்டஞ் செய்யும் குடும்பத்துக்கு அதன் கருவியின் விலையே மலைப்பைத் தரும்.

ஆகவே இங்கே மக்கள் கம்பனியை விட்டு விலகுவதில்லை. மெல்ல மெல்லப் பயன்பாட்டை விட்டு விலகுகின்றனர். நாம் சென்றுவந்த வீடுகளிலே கண்டவை இவை: பெரிய பொதியைச் சிறிய பொதியாக மாற்றிக்கொண்டோர் உளர். வீட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டு, தந்தையின் கைத்தொலைபேசியில் வாரத்துக்கொருமுறை ‘றீலோட்’ செய்வோர் உளர். மதிலுக்கு அப்பாலுள்ள உறவினரின் வைஃபையைப் பகிர்ந்து பாதிக் கட்டணம் கொடுப்போர் உளர். இவர்களெல்லாரும் கம்பனியின் பேரேட்டில் இன்னமும் வாடிக்கையாளராகவே இருக்கின்றனர். ஆனால் மாதத்தின் கடைசிப் பத்து நாட்களில் அப்பிள்ளைகளின் புத்தகம் மூடப்பட்டுவிடுகின்றது. இந்த இழப்பு எந்தக் காலாண்டு அறிக்கையிலும் இடம்பெறாது.

குரல் கொடுத்தல் பயன் தருமா? தரும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 2020ஆம் ஆண்டுக் கொரோனாக் காலத்தில், பல்கலைக்கழகங்களின் இணைய வலையமைப்பான ‘லேர்ண்’ வழியாக நடந்த வகுப்புகளுக்கு மாணவர் டேட்டா செலவின்றிச் சேர வசதி செய்யப்பட்டது. 2021இல் எல்லையற்ற பொதிகள் வேண்டும் என்று நாடெங்கும் எழுந்த கோரிக்கையைத் தொடர்ந்து, ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அத்தகைய பொதிகளுக்கு வழிவிட்டது. எனினும் ‘எல்லையற்றது’ என்ற பெயரைக் கண்டு மயங்குதல் கூடாது. ஓரளவைத் தாண்டியதும் வேகத்தைக் குறைக்கும் விதி சிறிய எழுத்தில் இருக்கக்கூடும்.

ஹிர்ஷ்மன் இன்னுமொன்றைக் கூறினார். நைஜீரியாவின் புகையிரதச் சேவை சீர்கெட்டபோது, வசதியும் வாய்வன்மையும் உள்ளோர் லொறிகளை நாடிப் போய்விட்டனராம். குரல் கொடுக்கவல்லோர் போய்விட்டதனால் சேவை திருந்தவேயில்லை. நம் ஊரிலும் வசதியுள்ளோர் பெரிய பொதியையோ செய்மதியையோ வாங்கிக்கொண்டு ஒதுங்கினால், எஞ்சியோரின் குறையை எடுத்துரைக்க யார் இருப்பர்?

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, வீட்டிலே கணக்கு வைத்தல். எந்தக் கருவி எவ்வளவு எடுக்கின்றது என்பதைப் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். பாடக் காணொளிக்கு உயர்தெளிவு வேண்டியதில்லை. தானாக ஓடும் காணொளிகளை நிறுத்திவிட்டாலே கணிசமான அளவு மிஞ்சும். தரவிறக்கக்கூடிய பாடங்களை நள்ளிரவுப் பங்கிலே கருவியே இறக்கிக்கொள்ளுமாறு அமைத்துவிட்டுப் பிள்ளைகள் உறங்கலாம்.

இரண்டாவது, எழுத்திலே முறையிடல். தொலைபேசியில் ஏசுவது காற்றோடு போகும். கம்பனிக்கு எழுதியும் பயனில்லையேல் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். ஒரு நாட்டின் தொடக்கநிலை இணையப் பொதி, தலைக்குரிய மாத வருமானத்தில் 2 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்பது ஐக்கிய நாடுகளின் அகலப்பட்டை ஆணையம் வகுத்த இலக்கு. நம் வீட்டுக் கட்டணம் நம் வருமானத்தில் எத்தனை சதவீதம் என்று ஒவ்வொரு குடும்பமும் கணித்துப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவதே நம் உள்ளத்துக்கு மிக நெருங்கியது. பத்திரிகை வாங்க எல்லா வீட்டாராலும் இயலாதிருந்த காலத்தில் நம் முன்னோர் என்ன செய்தனர்? ஊருக்கு ஊர் வாசிகசாலை அமைத்தனர். ஒரு பத்திரிகையை நூறு பேர் வாசித்தனர். வாசிக்கத் தெரியாதவருக்கு வாசிக்கத் தெரிந்தவர் உரக்க வாசித்துக் காட்டினார். அந்தச் சனசமூக நிலையங்கள் இன்றும் நம்மிடையே உள்ளன. அங்கே நல்ல இணைப்பொன்றை ஊரார் கூடி எடுத்து, மாலை வேளையில் மாணவருக்கென ஒதுக்கினால் என்ன? வெளிநாட்டிலுள்ள நம் உறவினர் திருவிழாவுக்கு அனுப்பும் பணத்தில் ஒரு சிறு பங்கு அதற்குப் போதாதா?

கட்டணம் உயர்ந்தால் வாடிக்கையாளர் விலகுவரா என்று கேட்டோம். வழி இருக்குமிடத்தில் விலகுவர்; வழி இல்லாவிடத்தில் ஒடுங்குவர் என்பதே நாம் கண்ட விடை. விலகுவோரைக் கம்பனி எண்ணும். ஒடுங்குவோரை ஊர்தான் எண்ணவேண்டும். அன்று கிணற்றைப் பங்கு வைத்த நம் பெரியோர், பங்கில்லாதவனுக்கும் குடிதண்ணீரை மறுத்ததில்லை. தோட்டத்து நீருக்கு முறை உண்டு; தாகத்துக்கு முறை இல்லை. அறிவுத் தாகத்துக்கும் அவ்வறமே பொருந்தும் என்று அந்த அப்பாச்சியிடம் சொல்ல எண்ணியிருக்கின்றோம்.